யாருக்கும் கேட்காத மணி

ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்த ஸ்பீக்கரிலிருந்து மணி அடித்தது.

அனிட்டாவின் தலை தானாகக் குனிந்தது. நெஞ்சுக்குப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தாள். எதிர் மேசையில் லாரன்ஸ் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கீழே உரக்கடைத் தகரத்தில் மழை விழும் சத்தம், படியேறி வரும் யூரியா வாடை, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துப் பக்கமிருந்து கேட்கும் ஹாரன்கள் என்று எல்லாம் வழக்கமான சாயங்காலமாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரின் ஒயர் மட்டும் மேசை ஓரத்தில் தொங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, மணி அடிச்சுதா?"

"இன்னா மணி?" என்றார் லாரன்ஸ்.

சற்று முன்புதான் அவள் பொய் சொல்லியிருந்தாள். முதலாளி வெங்கடேசன் தன் அறை வாசலில் நின்று, நம் பக்கம் தப்பு எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லைங்க சார் என்றாள். விளக்கம் கேட்டிருந்த சுகாதாரத் துறைக்கு அவர் அதையே பதிலாக எழுதப் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதில் போய்ச் சேர்ந்தால் தைலம்மாளுக்கு வேலை போய்விடும். வேலை மட்டுமா, ஊரில் தலைகாட்ட முடியாது.

தைலம்மாள் கல்வராயன் மலையில் ஓர் ஊரின் சுகாதாரப் பணியாளர். யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் அவள் கைபேசியில் 'வண்டி வேணும்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். இந்த அலுவலகம் செய்துகொடுத்த செயலி உடனே ஓர் அறிவிப்பை வெளியிடும். அறிவிப்பு யாரையும் தேடிப் போகாது. தன் பெயரைச் சொல்லிக் கூவும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்காகக் காத்திருக்கும் சின்னச் சின்ன நிரல்கள் அதைக் கேட்டு வேலை செய்யும். ஒன்று ஜீப் டிரைவருக்குச் செய்தி அனுப்பும், ஒன்று பதிவு செய்யும், ஒன்று அலுவலகத்தில் மணி அடிக்கும். சப்ஸ்கிரைபர் என்ற வார்த்தை வாயில் நுழையாமல் லாரன்ஸ் அவற்றைக் காது என்பார். மணிச் சத்தமும் அவர் வைத்ததுதான். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கிற கைமணியைத் தன் ஊர் மாதா கோயிலில் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார்.

நடை பழகிய நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குத் தலை குனிந்தவள் அனிட்டா. போன வாரம் செயலியைப் பார்க்க வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முகம் எரிய, மணியின் காதை மட்டும் எடுத்துவிடலாம் என்று அவசரமாக ஒரு வரி தட்டினாள். எந்தக் காது என்று குறிப்பிடாமல் அறிவிப்பின் பெயரைக் கொடுத்துவிட்டாள். பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரைக் கேட்கிற எல்லாக் காதுகளும் கழன்றுவிடும். அவளுக்கு அது தெரியும். வெட்கத்தில் மறந்துபோனாள்.

அன்றைக்குத்தான் மலையில் தைலம்மாளின் ஊரில் ஆயம்மாள் என்ற கர்ப்பிணிக்கு வலி எடுத்தது. ஜீப் வரவில்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்தே போனார்கள்.

அன்று சாயங்காலம் செய்தி தெரிந்ததும் அனிட்டா சத்தமில்லாமல் காதுகளைத் திரும்ப மாட்டினாள், மணியை மட்டும் விட்டுவிட்டு. கேட்க ஆளில்லாத அறிவிப்பு எங்கேயும் தடம் வைப்பதில்லை. அதனால் தைலம்மாள் அமுக்கவே இல்லை என்று ஆனது. நேற்று அவள் பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்திருந்தாள்.

"அமுக்கிக்கினேதாம்மா இருந்தேன். வெரலு மரத்துப் போச்சு. நீயாவது பாத்து சொல்லும்மா."

அனிட்டா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்படி எதுவும் வரவில்லையே என்றாள். அப்போதிருந்து அவளுக்குக் கண்ணாடி பார்க்கக் கூசியது.

மணி மறுபடியும் அடித்தது.

காதுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். மணியின் காது அங்கே இல்லை. மணி நிற்கவில்லை. அடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி அடித்தது. ஒரே இடத்தில் ஒரே விரல் திரும்பத் திரும்ப அமுக்குகிற மாதிரி. யூரியா வாடை போய் விளக்கெண்ணெய் வாடை வந்தது. அதற்கு அடியில் ரத்த வாடை. தொங்கிய ஒயரின் நுனியிலிருந்து ஏதோ சொட்டியது.

இனி தாங்காது. சொல்லிவிட வேண்டும். எழுந்தாள்.

"அண்ணா, நான்தான். காதெல்லாம் நான்தான் எடுத்துட்டேன்."

லாரன்ஸ் வர்க்கித் துணுக்கைத் தட்டிவிட்டார். நிமிரவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தாள். இன்னும் உரக்கச் சொன்னாள். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு அவளை உரசியபடி கழுவப் போனார்.

வெங்கடேசன் அறைக்கு ஓடினாள். மேசைக்கு முன்னால் நின்று அழுதபடியே சொன்னாள். தைலம்மா மேல தப்பில்லை சார். நான்தான் சார். அவர் கண் அவளைத் தாண்டிக் கதவுக்குப் போனது.

"லாரன்ஸு, இந்த அனிட்டா எப்ப கெளம்புச்சு?"

"தெரிலைங்களே சார். பை இங்கதான் கீது."

பதிலை அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார் வெங்கடேசன். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டாள். அலோ, யாரு, என்றாள் அம்மா. அம்மா, நான் அனிட்டா. அலோ, என்றாள் அம்மா மறுபடி. வைத்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது. வெளியே பூட்டு விழுந்தது.

கத்தினாள்.

மழை.

பெயரைக் கொடுத்தால் எல்லாக் காதும் போய்விடும். யாரோ அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

"நான்தான்" என்றாள் இருட்டில், யாருக்கென்றில்லாமல்.

அவளுடைய நாற்காலி கிரீச்சிட்டது.

மணி அடித்தது. தலை தானாகக் குனிந்தது. நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. தரையைத்தான் பார்க்க முடிந்தது. நாற்காலிக்குக் கீழே, மலைச் சேறு படிந்த இரண்டு ஈரப் பாதங்கள். அவற்றுக்கு நடுவே இன்னும் கண் திறக்காத பிள்ளையின் இரண்டு சின்னப் பாதங்கள், விரல் மடங்கி, தரையில் ஊன்றி நின்றன.

நான்கும் மெல்ல அவள் பக்கம் திரும்பின.