எறும்பு தொடாத பொரி

காலையில் சிந்திய பொரியை எறும்பு தொடவில்லை.

ஆயுத பூஜைக்கு வாங்கி வந்த பை ஓட்டை. கூடத்துத் தரையில் ஒரு கைப்பிடி கொட்டிவிட்டது. எறும்பு தின்னட்டும் என்று சின்னையன் அதைக் கூட்டாமல் விட்டிருந்தான். சாயங்காலம் விளக்குமாற்றோடு குனிந்தபோது பொரி கொட்டின இடத்திலேயே வெள்ளையாகக் கிடந்தது. எறும்பு வராமல் இல்லை. ஸ்டோர் ரூம் ஷட்டருக்கு அடியிலிருந்து புறப்பட்ட கருப்பு வரிசை, பாதி வழியில், வரிசை கலையாமலே செத்துக் கிடந்தது.

"இன்னா மச்சான், தரையவே மொறச்சுகினு கீற?"

ஸ்டான்லி. இந்த கெமிக்கல் லேப்புக்கு சூப்பர்வைசர். சின்னையனின் தங்கச்சி வேண்டாவைக் கட்டியவன். கோவளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சின்னையனைப் படூருக்குக் கூட்டி வந்து இங்கே வேலைக்குச் சேர்த்தவன். போன மாதம் சின்னையன் மகள் சிநேகாவையும் சேர்த்துவிட்டான்.

"எறும்பு செத்துக் கீது மச்சான்."

"பெனாயிலு. காலைலேந்து நான் ஊத்திகினு கீறேன் இல்ல? எறும்புக்கு அழுவுற மொத ஆளு நீதான்."

பினாயில் வாடைதான் அடித்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. தித்திப்பாக, குளிர்ச்சியாக, பழைய ஆஸ்பத்திரி வராந்தா போல.

வெளியே மழை விட்ட பாடில்லை. வருஷா வருஷம் பூஜையைக் கேட்டோரத்து வேப்பமரத்தடியில்தான் போடுவார்கள். கட்டடத்துக்குள் ஈத்தர் இருக்கும்வரை தீக்குச்சி கூட உள்ளே வரக்கூடாது என்பது லேப்பை நடத்துகிற ரமா மேடத்தின் சட்டம். இந்த வருஷம் மழை என்றதும் ஸ்டான்லிதான் அவரிடம் போய்ச் சொன்னான். ஈத்தர் டிரம் எல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியாச்சு மேடம், உள்ளேயே கும்பிடலாம் என்று.

இப்போது அவன் சின்னையனின் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு ஒதவி மச்சான். காலி டிரம்மு நாலு ஸ்டோர்லயே நின்னுபோச்சு. மேடம் கண்ல பட்டா பேஜாரு. ஒண்ணுல அடியில லேசா கசிவு. இந்த சோப்பத் தேய்ச்சி அடச்சிட்டு அப்படியே உள்ள குந்திக்கோ. பூஜ முடிஞ்சதும் தொறக்கறேன்."

"நான் உள்ள இருக்கசொல்ல எதுக்குப் பூட்டணும்?"

"பூட்டு தொங்குனாத்தான் யாரும் தொறன்னு கேக்க மாட்டாங்க. செத்த நேரம். போனக் குடு. ஸ்டோருக்குள்ள போன் கூடாது, ரூல்சு தெரியாதா?" சொல்லிவிட்டுச் சிரித்தான்.

சின்னையன் போனைக் கொடுத்தான். தங்கச்சி புருசன். கேட்டதும் கொடுத்துத்தான் பழக்கம்.

ஷட்டர் இறங்கியது. தினமும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிற ஷட்டர் இன்றைக்கு முனகக்கூட இல்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தான். விரலில் புது கிரீஸ் பிசுபிசுத்தது.

உள்ளே இருட்டு. மேலே கைக்கெட்டாத கண்ணாடி வழியாக மழை வெளிச்சம் கொஞ்சம் அழுக்காக வடிந்தது. மூலையில் எங்கோ ஒன்று சொட்டியது. சொட்டு. நின்று, இன்னொரு சொட்டு. மூக்குக்குள் அந்தத் தித்திப்பு ஏறி நாக்கின் அடி வரைக்கும் இறங்கியது. தரையோரத்து எக்ஸாஸ்ட் பேன் ஓடவில்லை. தேடிப் போய்த் தொட்டான். பேன் இருந்த ஓட்டையில் அட்டை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, காற்றுப் போக இடமில்லாமல் அடைத்திருந்தது. வாடை வெளியே போகக்கூடாது என்று யாரோ பொறுமையாகச் செய்த வேலை.

விரல் கணுவால் முதல் டிரம்மைத் தட்டினான். காலி டிரம் கோயில் மணி மாதிரி பேசும். இது பேசவில்லை. வயிறு நிறையத் தின்றவன் போல மந்தமாக ஒரு சத்தம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான்காவது.

நாலும் நிறை.

அடித் தையலில் துரு தின்ற இடத்தைக் கண்டுபிடித்து சோப்பை அழுத்தினான். நிற்கவில்லை. விரல் சில்லிட்டு மரத்துப்போனது. ஐஸைத் தொட்ட மாதிரி. விரலில் பட்ட ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

காணாமல் போகவில்லை. அவனுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரமா மேடம் எல்லாரையும் உட்காரவைத்துக் காட்டினார். ஒரு நீளத் தகரத்தைச் சாய்த்து வைத்து, கீழ் முனையில் மெழுகுவத்தி. மேல் முனையில் பஞ்சில் நாலே சொட்டு ஈத்தர். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மெழுகுவத்தியிலிருந்து ஒரு நீலப் பாம்பு தகரத்தின் மேல் விறுவிறுவென்று ஏறி, பஞ்சைப் போய்க் கவ்வியது. "இதோட ஆவி காத்தவிடக் கனம். கண்ணுக்குத் தெரியாது. தரையோட தரையா ஊர்ந்து போகும். நெருப்பு எங்கே இருக்கோ, அதுவே தேடிப் போகும்" என்றார் மேடம். பெஞ்சு மேல் ஏறிக்கொண்டு சத்தமாகச் சிரித்தவன் ஸ்டான்லி.

அவனும் பார்த்தவன்தான்.

சின்னையன் ஸ்டோரின் தரையை நினைத்தான். தினமும் கழுவுகிற தரை. தண்ணீர் ஊற்றினால் ஷட்டருக்கு அடியில் நுழைந்து கூடத்துக்குத்தான் ஓடும்.

குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தான். ஷட்டர் அடியில் நாலு விரல் இடைவெளி. கூடத்தில் டியூப் லைட், வாழைக்கன்று, சாமந்தி. ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. கால்கள் தெரிந்தன. ரமா மேடத்தின் வெள்ளைச் செருப்பு. பூஜைக்கு உதவ வந்த வேண்டாவின் வெடித்த குதிகால். ஸ்டான்லியின் கருப்பு ஷூ. அப்புறம் ஒரு மெல்லிய கொலுசு. சிநேகா. ஷட்டருக்கு நேர் எதிரே, தரையில், பூசணிக்காயை வைத்துக்கொண்டிருந்தாள். கற்பூரம் ஏற்ற.

"சிநேகா!"

பாட்டு அவன் குரலைத் தின்றது. ஏதாவது இரும்பை எடுத்து ஷட்டரில் அடித்தால் கேட்கும். இரும்பில் இரும்பு பட்டால் பொறி. கையை இறக்கிக்கொண்டான். உள்ளங்கையால் தட்டினான். ஈரத் துணியை அடித்தது போல இருந்தது.

கருப்பு ஷூ திரும்பியது. நடந்து வந்தது. ஷட்டரை ஒட்டி நின்றது.

"கத்தாத மச்சான்."

"மச்சான், நாலும் நிறையாக் கீது! ஒழுவுது! கற்பூரம் வேணாம்டா, எம் பொண்ணு நிக்குது!"

"தெரியும். செத்த நேரம் பொறுத்துக்கோ. இப்போ நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க. வெளிய விக்க ஒளிச்சு வெச்ச டிரம்மு கீதுன்னு தெரிஞ்சா எம் பொழப்பே போச்சு. ஒண்ணும் ஆவாது."

"ஆவாதா? நீயும்தானடா அத்தப் பாத்த!"

ஷூ திரும்பியது. பிறகு போய்விட்டது. பாட்டு இன்னும் சத்தமானது.

அதே ஷூ வேண்டாவின் குதிகாலுக்குப் பக்கத்தில் போய் நின்றதை அவன் பார்த்தான். ஏதோ பேச்சு. குதிகால் தயங்கியது. பிறகு இரண்டு ஜோடிக் கால்களும் வாசல் பக்கம் நடந்தன. படியிறங்கின. கொட்டுகிற மழையில், கேட்டை நோக்கி, வேகமாக.

பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறான்.

ஒன்றும் ஆகாது என்றவன்.

கொலுசு அங்கேயே இருந்தது.

சின்னையன் சட்டையைக் கழற்றி இடைவெளியை அடைக்கப் போனான். பொத்தானில் கை வைத்ததும் நின்றான். டெரிலின். இருட்டில் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். கழற்றவில்லை. உடம்பையே ஷட்டர் ஓரமாக நீட்டிப் படுத்தான். மார்பு, இடுப்பு, தொடை எல்லாவற்றையும் இரும்போடு ஒட்டி வைத்தான். மடை அடைக்கிற மூட்டை மாதிரி. தலைமாட்டில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அவ்வளவு நீளம் அவன் இல்லை.

அந்த மிச்சத்தின் வழியாக ஏதோ சில்லென்று அவன் காதை உரசிக்கொண்டு போனது. அவசரமில்லாமல். வழி தெரிந்தது போல.

கண் சொருகியது. நாக்கு தடித்தது. தூங்கக்கூடாது. தூங்கக்கூடாது.

கூடத்தில் தீக்குச்சி மின்னிய வெளிச்சம்.

மூச்சைப் பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. கொலுசு நிமிர்ந்து நின்றிருந்தது. பூசணிக்காய்க்கு முன்னால் ஆரத்தி. கற்பூரத் தட்டைக் கையில் உயரப் பிடித்திருக்கிறாள். அது தரையில் ஊர்வது. அவள் முழங்காலுக்குக் கீழே காத்திருக்கிறது.

அப்போது கரண்ட் போனது.

லைட் அணைந்தது. பாட்டு பாதியில் அறுந்தது. மழைச் சத்தம் மட்டும். கடவுளே, இப்போது கேட்கும். உள்ளங்கையால் தட்டினான். தட்டினான். தட்டை வெளியே எடுத்துக்கொண்டு ஓடு என்று கத்தினான். வாயிலிருந்து வந்தது அதில்லை. குழறலாக, பெயர் மட்டும் வந்தது.

"சி... நே..."

கொலுசு திரும்பியது.

"மேடம், ஸ்டோர்லேந்து யாரோ..."

வேண்டாம்.

கொலுசு வந்தது. செத்த எறும்பு வரிசையை மிதித்து வந்தது. ஷட்டர் முன்னால் நின்றது. முழங்கால் தரையைத் தொட்டது. கை ஊன்றியது. அவன் கண்ணுக்கு நேரே அவள் கண்.

"நைனா? நீயா? உள்ள இன்னா பண்ற? இருட்டா கீது, இரு..."

நன்றாகப் பார்ப்பதற்காக அவள் கற்பூரத் தட்டைக் கீழே இறக்கினாள்.

நேராக நின்றெரிந்த சுடர் ஒரு கணம் நிமிர்ந்தது. பிறகு காற்றே இல்லாத அந்தக் கூடத்தில், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, நீலமாகி, அவன் பக்கம் திரும்பியது.