தட்டிப் பார்த்த சரக்கு

கொக்குகள் நகரவில்லை.

மொட்டை மாடியில் நின்ற ராஜ்மோகன் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். நகர்ந்தன. வீட்டுக்குப் பின்னால், மூடிக்கிடந்த பீங்கான் ஆலையின் களிமண் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் ஓரமாக ஏழு வெள்ளைக் கொக்குகள் கழுத்தை நீட்டி நீட்டி நடந்துகொண்டிருந்தன. மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ஏழும் நின்றன, தூக்கிய கால் தூக்கியபடி. மாலை வெயில் அவற்றின் முதுகில் விழுந்த விதமும் சரியில்லை. இறகில் விழுகிற வெயில் போல இல்லாமல், சூளையிலிருந்து எடுத்த கோப்பையில் விழுவதுபோல வழுக்கியது.

விருத்தாசலத்தில் இருபது வருடமாகப் பீங்கான் சாமான் வாங்கி விற்பவர் அவர். விரல் முட்டியால் தட்டாமல் ஒரு கோப்பையைக்கூட வாங்கியதில்லை. நல்ல சரக்கு கணீரென்று பேசும். விரிசல் விட்டது சொத்தென்று உண்மையை ஒப்புக்கொள்ளும். சம்பந்தி வீட்டுச் செம்பைக்கூடத் தட்டிப் பார்த்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்டவர், வாரச்சந்தையில் சாக்கு விரித்திருந்த ஒருவன், இந்தப் பைனாகுலருக்கு அவர் கேட்ட விலைக்கே தலையாட்டியபோது எழுந்து ஓடியிருக்க வேண்டும். பேரம் பேசாத வியாபாரியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"வாங்குனா வாங்குனதுதாண்ணே. திருப்பிக் கொண்டாந்தா எடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னான் அவன், துண்டு சுற்றிய இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு.

பைனாகுலர் கண்ணாடியில்தான் கோளாறு. அப்படித்தான் நினைத்தார். கோளாறு எதுவென்று பிடிபடும்வரை பார்ப்பது என்று, பாசி வாடையும் அடுத்த வீட்டு வெங்காயம் வதங்கும் வாசனையும் கலந்து வந்த காற்றில், கை வலிக்கும்வரை அந்த ஏழு கொக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பைனாகுலரை இறக்கினார்.

இப்போது வெறும் கண்ணுக்கும் அவை நகரவில்லை.

"எனக்குன்னு வாங்கிட்டு நீங்களே பாத்துக்கினு இருக்கீங்களேப்பா" என்றாள் ஸ்ரீப்ரியா. ஆறாம் வகுப்பு. பறவைகளுக்கென்று தனி நோட்டே வைத்திருந்தாள்.

"இரு பாப்பா, சரக்கு சரியில்ல. நீ போயி அந்தக் கொக்கத் தொரத்து. பறக்குதான்னு பாப்போம்."

மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பூங்கோதை திரும்பினாள். "பொழுது சாயற நேரத்துல அந்தப் பள்ளத்தண்ட புள்ளய அனுப்புறீங்களே."

"நான்தான் கண்ண எடுக்காம பாத்துக்கினே இருக்கப்போறேனே."

பார்த்தார். கண்ணாடிக்குள் மகள் பின்வாசல் கதவருகே அசையாமல் நின்றாள். இறக்கிப் பார்த்தார்: நடந்துகொண்டிருந்தாள். வைத்துப் பார்த்தார்: நின்றாள். சரக்கைச் சோதிக்கிற பழக்கம். திரும்பத் திரும்ப, முகத்தில், தோளில், இரட்டைச் சடையில் வைத்து வைத்துப் பார்த்தார். அவள் பள்ளத்தை அடைந்தாள். கடைசிக் கொக்கின் பக்கத்தில் குனிந்தாள். வியாபாரி மகள். விரலை மடக்கித் தட்டினாள்.

கணீர்.

மாடிவரை கேட்டது.

"அப்பா, பொம்மப்பா இது" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "கண்ணு மட்டும் அசையுதுப்பா."

ராஜ்மோகனுக்குச் சந்தைக்காரனின் இடது கை நினைவுக்கு வந்தது. அவன் எழுந்தபோது அது பக்கத்துக் கடைப் பலகையில் இடித்தது. கோப்பை இடிபடும் சத்தம். துண்டுக்குள் ஏதோ சாமான் வைத்திருக்கிறான் என்று அப்போது நினைத்திருந்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தோம் அவளை?

"ஓடியா பாப்பா. வூட்டுக்கு ஓடியா."

பைனாகுலரைக் கவிழ்த்துப் போட்டார். கண்களை இறுக மூடிக்கொண்டார். பின்வாசல் கதவு கிறீச்சிட்டது. படியில் செருப்புச் சத்தம். சளக், சளக். பாதி வழியில் அது மாறியது.

டக்.

டக்.

தட்டில் கோப்பை வைப்பதுபோல. ஒவ்வொன்றாக.

பூங்கோதை படியின் உச்சிக்கு ஓடும் ஓசை. "ஏண்டி, கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்குது? ஏய்... ஏங்க, இவ பேச மாட்டேங்குறாங்க."

கண்ணைத் திறந்தார்.

மேலே கடைசிப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றாள். மற்றக் கால் அந்தரத்தில். ஓடிவந்த வேகத்தில் மேலே எழும்பிய சடை கீழே இறங்கவில்லை. வெயில் கன்னத்தில் வழுக்கியது. அவள் மணிக்கட்டைப் பூங்கோதையின் வியர்த்த கை பிடித்திருந்தது.

அவர் போனார். வேண்டாம் என்று நினைத்தார். இருபது வருடப் பழக்கம், விரல் தானாக மடங்கியது. மகளின் நெற்றியில் தட்டியது.

கணீர்.

விரிசல் இல்லை. முதல் தரம்.

பூங்கோதையின் பிடி நழுவத் தொடங்கியது. ஸ்ரீப்ரியாவின் கண்கள் மட்டும் மெல்ல, மெல்ல, ஓரமாகத் திரும்பி, கீழே இறங்கும் சிமெண்டுப் படிகளைப் பார்த்தன.