எந்திரிக்க வேணாமடி

பங்களா வாசலில் அடித்துக்கொண்டிருந்த தப்பில் ஏதோ சரியில்லை என்பது யோகராஜின் காதுக்கு மட்டும்தான் பட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் மேளம். வேனிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரத் தம்பதியர் தாளத்துக்கு ஏற்றபடி தோளைக் குலுக்கினார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் கை தட்டிக்கொண்டே படியேறியது. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவனால் அப்படிக் குலுக்க முடியுமா? தோட்டத்தில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வோர் அடி உண்டு. விடியலில் வேலைக்குக் கூப்பிட ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி. இதுவோ அடித்து, மூச்சு வாங்குவதுபோல் நின்று, மறுபடி இழுத்து அடிக்கும் அடி. இதைக் கேட்டால் லயத்துப் பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து, யார் வீட்டில் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இது சாவுத் தப்பு.

'தெரியாமல் அடிக்கிறான்கள்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மையாகவும் இருக்கலாம். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவன், தாளம் பிசகியதற்கெல்லாம் பயப்பட்டால் வகுப்பு நடத்த முடியாது. மனைவி தர்ஷிகாவிடம் சொல்லலாமா என்று யோசித்தான். அவள் கண்டி டவுனில், வேதக்காரக் குடும்பத்தில், மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். அவளுக்குத் தப்பும் ஒன்றுதான், பேண்ட் வாத்தியமும் ஒன்றுதான்.

"அப்பா, உங்க பேரு!" என்று கத்தினாள் மகள் நிலூஷா. ஆறு வயது. திகன தாண்டி வளைவு வளைவாக வந்ததில் வழியெல்லாம் வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தவளுக்கு, அந்தப் பெயரைப் பார்த்ததும் உயிர் வந்துவிட்டது. வாசலில் தொங்கிய சீலையில் 'துரை பங்களாவில் ஒரு விருந்து' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே 'தாலாட்டு: யோகராஜ்' என்று சின்னதாகவும் எழுதியிருந்தது. அவளைத் தூக்கிக் காட்டினான். அவன் மட்டும் அந்த எழுத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏனென்றால் அது அவனுடைய தாலாட்டு இல்லை. தாலாட்டே இல்லை.

போன வருட மழையில், தோட்டத்தில் அவன் அம்மா வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருந்த மூக்காயி அக்காவின் மகள் லோஜினி காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கும் ஏழெட்டு வயதுதான். துக்கத்துக்குப் போன யோகராஜ், விடிய விடிய அந்தத் தாய் பாடிய ஒப்பாரியைக் கேட்டான். கேட்டவன் அழுதுவிட்டு வந்திருக்கலாம். சட்டைப் பையிலிருந்த போனில் அதைப் பதிந்தும் கொண்டான். மூக்காயி எப்படியோ கண்டுகொண்டாள். பிணத்தின் தலைமாட்டில் இருந்தபடியே அவனைப் பார்த்து, "அத அழிச்சிரு தம்பி. சாவு இல்லாத எடத்துல அது கேக்கப்புடாது. கேட்டுச்சின்னா ஆளத் தேடும்" என்றாள். "அழிச்சிட்டேங்கா" என்று அங்கேயே, அந்தக் குழந்தையின் முன்னாலேயே சொன்னான். அழிக்கவில்லை.

பிறகு சண்முகநாதன் வந்தார். பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றியே பாட்டும் நாடகமும் நடத்துகிற மனிதர். தோட்டத்துத் தாலாட்டு ஒன்று வேண்டும் என்றார். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ராகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொட்டிலை ஆட்டுகிற அதே அசைவில்தான் நெஞ்சிலும் அடித்துக்கொள்கிறார்கள். யோகராஜ் செய்த வேலை மிகச் சிறியது. லோஜினியின் பெயரை எடுத்தான். 'எந்திரிச்சு வாடியம்மா' என்று அந்தத் தாய் கெஞ்சிய இடத்தில் 'எந்திரிக்க வேணாமடி' என்று போட்டான். "எங்கம்மா எனக்குப் பாடினது" என்றும் சேர்த்துச் சொன்னான். அந்தப் பொய்யை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் அழைப்பு வந்ததும் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டான்.

சண்முகநாதன் கோட்டும் தொப்பியுமாய் வாசலுக்கு வந்து அவன் கையைப் பிடித்தார். "வாங்கோ மாஸ்டர், வாங்கோ. உள்ளுக்கு வந்தா எல்லாரும் நாடகத்திலதான். நீங்கள் துரையின்ர விருந்தாளி. என்ன நடந்தாலும் வெளியில வரக் கூடாது. எங்கட ஆக்கள் செய்யிறதைப் பாத்து அப்பிடியே செய்தாச் சரி."

"அந்தத் தப்பு…" என்று இழுத்தான் யோகராஜ்.

"எந்தத் தப்பு? வாசல்ல வயலின்தானே வைச்சனான்" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த விருந்தாளியிடம் போய்விட்டார். யோகராஜ் திரும்பிப் பார்த்தான். தூணோரம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மண்டபம் நீளமாக இருந்தது. மின்விளக்கே இல்லை, மேசை நெடுக மெழுகுதிரிகள்தான். ஜன்னலுக்கு அப்பால், தெல்தெனிய பக்கம் விரிந்து கிடந்த நீர்த்தேக்கத்தின் மேல் கடைசி வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. பரிமாறுகிறவர்கள் பாடிக்கொண்டே சூப் ஊற்றினார்கள். துரையாக வேடமிட்டவர் மேசை மேல் ஏறி ஆடினார். துரைசாணி வெள்ளைக்காரரின் தட்டிலிருந்து உருளைக்கிழங்கைத் திருடித் தின்றாள். நல்ல கலகலப்பு. நிலூஷா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தாள். யோகராஜ் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தான். பொரித்த கோழியின் வாசத்துக்கும் வெண்ணெய் வாசத்துக்கும் அடியில் இன்னொரு வாசம் கசிந்துகொண்டிருந்தது. சாம்பிராணி. ஈரச் சாக்கு. நசுங்கிய செவ்வந்தி. மூக்கைச் சிந்திவிட்டுப் பார்த்தான். வாசம் போகவில்லை.

கோழித் தட்டுகளை எடுத்த பிறகு சண்முகநாதன் அவன் காதருகே குனிந்தார். "மாஸ்டர், தாலாட்டுக் காட்சிக்கு நாங்கள் பொம்மைதான் வைக்கிறனாங்கள். இண்டைக்கு உங்கட மகளே படுக்கட்டுமே. பாட்டு முடிய எல்லாரும் வந்து பூப்போட்டு வாழ்த்துவினம்."

"வேணாங்க." தன் குரல் அப்படி உயரும் என்று அவனே நினைக்கவில்லை.

"ஏனுங்க வேணாம்?" தர்ஷிகா திரும்பினாள். "புள்ள ஆசப்படுறா. நீங்க குடுத்த பாட்டுத்தானே?"

நிலூஷா ஏற்கெனவே கதிரையிலிருந்து இறங்கிவிட்டாள். சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அது ஒப்பாரி, இன்னொரு பெண்ணின் துக்கம், திருடினேன், பொய் சொன்னேன். மேசை நிறைய ஆட்கள். சண்முகநாதனின் சிரித்த முகம். மனைவியின் பெருமை. யோகராஜ் வாயைத் திறந்தான்; "களைச்சிப் போயிருக்கா" என்று மட்டும் சொன்னான். "அப்ப படுக்கிறதுக்கு நல்லதுதானே" என்று சொல்லிச் சண்முகநாதன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

மண்டபத்தின் நடுவில் ஒரு கட்டில் போட்டார்கள். அதில் வெள்ளை விரிப்பு. நிலூஷா படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டு அப்பாவுக்குக் கை காட்டினாள். தலைமாட்டில் யாரோ ஓர் ஒற்றைத் திரி விளக்கை வைத்தார்கள். சூரியன் எந்தப் பக்கம் இறங்கியது என்று யோகராஜ் ஜன்னலைப் பார்த்தான். பிறகு கட்டிலைப் பார்த்தான். தலை தெற்கே இருந்தது, பிணத்துக்கு வைப்பதுபோல.

ஆயாவாக நடிக்கும் றிப்தா கட்டிலருகே வந்து அமர்ந்தாள். திகனையைச் சேர்ந்த பெண், நல்ல குரல், ஒத்திகையில் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பாட ஆரம்பித்தாள்.

*மல மேல பனி எறங்கி மறைக்குதடி பாத எல்லாம்*
*மாடத்து வெளக்கணைஞ்சு மங்குதடி வீடெல்லாம்*
*எந்திரிக்க வேணாமடி, எங்கண்ணே லோஜினியே*

யோகராஜின் கை கிளாசில் இடித்தது. தண்ணீர் மேசையில் ஓடியது.

பாட்டு இசைக்கு இடம்விட்டு நின்றது. றிப்தா மேசையைச் சுற்றி வந்தாள். அவன் அருகே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "ஏன் அந்தப் பேரப் பாடினீங்க?"

"எந்தப் பேர் சேர்? நீங்க தந்ததத்தானே பாடின." அவள் முகத்தில் நாடகச் சிரிப்பு போய் நிஜமான குழப்பம் வந்தது. "சேர், உங்களுக்குச் சொகமில்லயா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு திரும்பிப் போனாள். போகிறவளின் பின்னால், பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராய்த் தட்டை வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டார்கள். வட்டமாக. தலைகளை ஒன்றாகச் சாய்த்து. இதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. வெளியே தப்பு மறுபடி கேட்டது. இப்போது வாசலில் இல்லை, ஜன்னலுக்கு நேர் கீழே. மெழுகுதிரிகள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்தன. றிப்தா மறுபடி பாட்டை எடுத்தாள்.

*எந்திரிக்க வேணாமடி, எங்கண்ணே நிலூஷாவே.*

எழுந்தான். கதிரை பின்னால் விழுந்தது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினான். "இது தாலாட்டு இல்ல! ஒப்பாரி! செத்த புள்ளைக்குப் பாடுனது. மூக்காயி அக்கா பாடுனது. நான் திருடுனேன். பொய் சொன்னேன். நிப்பாட்டுங்க!"

மண்டபம் முழுவதும் கை தட்டியது. வெள்ளைக்காரர் விசில் அடித்தார். கொழும்புக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. தர்ஷிகா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "நீங்களும் நடிக்கிறீங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லயே!"

"தர்ஷி, சத்தியமா…"

கைதட்டல் கூடியது.

வட்டத்தைப் பிளந்துகொண்டு கட்டிலுக்குப் போனான். பெண்கள் வழி விட்டார்கள், சாவு வீட்டில் தகப்பனுக்கு விடுவதுபோல. நிலூஷா கண் மூடிக் கிடந்தாள். கன்னத்தைத் தட்டினான். குளிர்ந்திருந்தது. தோளைக் குலுக்கினான். தலை இந்தப் பக்கம் விழுந்தது, அந்தப் பக்கம் விழுந்தது. போர்வையை விலக்கினான். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டியிருந்தார்கள்.

யார் கட்டியது? எப்போது?

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தான். அவிழவில்லை.

"நிலூ. குட்டி. எந்திரி. அப்பா வந்திருக்கேன்டா. எந்திரி."

அசைவில்லை. அவன்தானே சொல்லிக் கொடுத்தான், எழ வேண்டாம் என்று. எல்லாரையும் விட நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிற பிள்ளை. அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். மூக்காயி பாடிய சொல்லைப் போட வேண்டும். அது ஒன்றுதான் இவளை எழுப்பும்.

"எந்திரிச்சு வாடியம்மா…"

கெஞ்சத்தான் வாயைத் திறந்தான். ராகத்தோடு வந்தது. நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை. அடுத்த வரியும் வந்தது. கை தானாக உயர்ந்து நெஞ்சில் அடித்தது. சுற்றியிருந்த பெண்கள் அவனோடு சேர்ந்து பாடினார்கள். அவன் தோளில் ஒரு கை விழுந்தது. சொரசொரத்த கை. விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது. நடிகைகள் யாருக்கும் அப்படிக் கை இல்லை. காதோரம் ஒரு குரல், அவன் போனுக்குள் ஒரு வருடமாய்க் கிடந்த குரல், அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது.

அவன் பாடினான்.

பூத்தட்டு வந்தது. தட்டில் பூ இல்லை. பச்சரிசி.

கறை படிந்த விரல்கள் அவன் தோளைத் தாண்டி நீண்டு, ஒரு பிடி அரிசி எடுத்தன. நிலூஷாவின் தாடையை மெல்ல இறக்கின. வாய் திறந்துகொண்டது. அரிசி உள்ளே விழுந்தது. அவள் விழுங்கவில்லை, துப்பவுமில்லை.

விருந்தாளிகள் பார்த்தார்கள். செய்கிறதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்களே. கதிரைகள் நகர்ந்தன. ஒவ்வொருவராய் எழுந்து, தட்டில் கை வைத்து, ஒரு பிடி அள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல், மரியாதையாக வரிசையில் நின்றார்கள். வரிசை கதவு வரை போனது. அவன் பாடிக்கொண்டே இருந்தான்.

முதல் ஆளாகத் தர்ஷிகா நின்றாள். ஒரு கையில் போன். மற்றக் கையில் அரிசி.

"நல்லா நடிக்கிறா நம்ம புள்ள" என்று சிரித்துக்கொண்டே குனிந்தாள்.