பச்சை வயரின் இரு முனைகள்

அன்று மழை பெய்ததா, முதல் நாள்தான் பெய்ததா என்பதில் அவனுக்கே இப்போது நிச்சயமில்லை. மழை நினைவில் கலங்கிவிட்டது. பச்சை வயர் கலங்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கிட்டார்காரர் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் அணைத்தபடி ரிப்பேர் கடைக்குள் வந்தார். ஒரு வருடத்துக்கு முன் அவனுடைய மச்சானை, அக்கா கணவரை, கொன்ற பெட்டி அது.

“உங்க மச்சான் கொண்டுவர்ற சத்தம் உங்களுக்கு வராதுன்னு தெரியும் தம்பி. ஏதோ ஓடினா போதும்.”

செத்த பிறகும் அதே பேச்சு.

பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சர்கள் நானூறு வோல்ட்டைச் சத்தமில்லாமல் பிடித்து வைத்திருக்கும். அதற்காக மச்சான் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நடுவில் ரெசிஸ்டர் பற்றவைத்த பச்சை வயர். ஒரு கிளிப் கண்டென்சரில், மறு கிளிப் உலோகச் சட்டத்தில். தேங்கியது வடிந்துவிடும். வயர் தொங்கினால்தான் கை வைக்கலாம். அப்போதும் இடது கை பாக்கெட்டில். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும்.

போன வருடம் இதே இடத்தில் நின்று, “சின்னவரைத் தொட விடாதீங்க” என்றார் கிட்டார்காரர். மச்சான் சிரித்துவிட்டு, “அவன் வயரை மாட்டட்டும், மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார்.

அந்தச் சிரிப்புதான்.

அவன் இரண்டு கிளிப்பையும் சட்டத்திலேயே மாட்டினான். ஒரு சின்ன அடி, வந்தவர் முன்னால் மச்சான் ஒரு துள்ளல் துள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் சட்டத்தைத் திருப்ப மச்சானுக்கு அன்று இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கவனக்குறைவு என்று ஊர் சொன்னது. அவனும் தலையாட்டினான்.

இப்போது அவன் வயரைச் சரியாக மாட்டினான். மீட்டரில் பூஜ்ஜியம். காய்ந்துபோன ஒரு கண்டென்சரை ஒற்றைக் கையால் மாற்றினான். பிளக் இன்னும் தரையில்தான் கிடந்தது.

டக். டக். டக்.

ஸ்பீக்கருக்குள்ளிருந்து வந்தது. வேலை முடிந்ததும் மச்சான் பென்சில் முனையால் வால்வை மூன்று முறை தட்டுவார்.

வயரைக் கழற்றி, பிளக்கைச் செருகினான். கிட்டார்காரர் ஒரே ஒரு தந்தியை மீட்டினார். அவர் கண் கலங்கியது.

“தம்பி, இது அவர் கை.”

“நான்தாண்ணே பாத்தேன்.”

“தொட்டது நீங்க. கை அவரோடது.”

அவனுக்குள் பற்றி எரிந்தது. “சின்ன வேலை ஒண்ணு பாக்கி, அப்புறமா வந்து எடுத்துக்குங்க” என்று அவரை அனுப்பிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினான். அந்தச் சத்தம் எந்த வயரில் இருந்தாலும் அதை வெட்டிவிட வேண்டும்.

ஒரு கிளிப் கண்டென்சரில். ஒரு கிளிப் சட்டத்தில். இரண்டு முறை பார்த்தான். பூஜ்ஜியம்.

பற்றவைக்கும் கோல் ஆறிக் கிடந்தது. ஆனாலும் ஈயம் உருகும் வாசனை வந்தது.

முதுகுக்குப் பின்னால், காதோரம்:

“மாட்டிட்டியா மாப்ளே?”

“மாட்டிட்டேன் மச்சான்.”

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அன்றும் இதையேதான் சொன்னான்.

சட்டத்தைத் திருப்ப இடது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“வயர மாட்டினியா?”

“மாட்டினேங்கா. சத்தியமா.”

“ரெண்டு கிளிப்பும் சட்டத்துலயே இருக்கு.” அவள் குரல் உயரவில்லை. “அவர் போன அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அவருக்குக் கை தவறிடுச்சுன்னு இத்தனை நாளா நெனச்சுட்டேன்டா.”

கடை மூடிக் கிடக்கிறது. அக்கா வேறு ஊரில் தையல் வேலை பார்க்கிறாள், அவனோடு பேசுவதில்லை. அவனுடைய இடது கை விரல்கள் மடங்குவதில்லை. அந்தக் கை எப்போதும் பாக்கெட்டில்தான். கிட்டார்காரர் இன்னும் அதே ஆம்ப்பில்தான் வாசிக்கிறார். பிளக்கைச் செருகும் முன்பே உள்ளேயிருந்து மூன்று தட்டல் கேட்கிறதாம். யாருடைய கை அது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.