ஒரு தட்டு

மூன்றாவது தட்டு சற்றுத் தாமதமாக வந்தது.

பத்ரிநாராயணன் படியில் நின்றார். கீழே, மரங்களுக்குள் மறைந்துவிட்ட கோட்டை வாசலிலிருந்து மகள் கைதட்டுகிறாள். டப், டப் என்று இரண்டு. பிறகு, மறந்துபோனது திடீரென்று நினைவுக்கு வந்தாற்போல, ஓர் இடைவெளி விட்டு மூன்றாவது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து 10.40 என்று எழுதி, பக்கத்தில் 'சரி' என்று குறித்துக்கொண்டார். பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடம் ஒலிச் சோதனைகளுக்குப் பதிவேடு எழுதிய கை. எழுதி வைக்காத எதுவும் அவருக்கு நடந்ததாகவே தோன்றாது.

ஹைதராபாத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். மலை உச்சியில் பழைய காவல் மண்டபம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எதிரி வந்தால் வாசல் வளைவின் கீழ் நின்று காவலன் கைதட்டுவானாம். சத்தம் கல்லோடு கல்லாக ஏறி மண்டபத்தில் கேட்குமாம். மேலே தட்டினால் கீழே கேட்குமாம். அதைக் காட்டத்தான் தேஜஸ்வினியை அழைத்து வந்தார். அடுத்த மாதம் அவள் படிக்கப் புணே போகிறாள். அதற்குமுன் ஒரே ஒரு நாள், அப்பாவும் பெண்ணுமாக. இருபதாவது படியிலேயே அவளுக்குக் கணுக்கால் மடங்கிவிட்டது.

"எனக்கு நக்கோப்பா, ஏற முடியாது. நீங்க போய்ட்டு ரண்டி. நான் இங்கயே உக்காந்திருக்கேன்." ஹைதராபாத்தில் வளர்ந்தவள்; பேச்சில் தெலுங்கும் உருதும் கலந்துவிடும்.

"தனியாவா? உங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

"நூர் அங்கிள் இருக்கார் கதா."

வாசல் காவலாளி நூர் முகமது, பத்ரியின் கைதட்டல் யோசனையைக் கேட்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். "கைக்கு சாப் தாலி? போன் நை க்யா?" போன் இருக்க எதற்குக் கைதட்டல் என்கிறார்.

போன் இருக்கிறது. வாசலில் சிக்னல் உண்டு, உச்சியிலும் உண்டு, நடுக்காட்டில் கிடையாது. ஆகவேதான் பத்ரி இந்த ஏற்பாட்டை வகுத்தார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அவள் மூன்று தட்டு. அவர் பதிலுக்கு ஒன்று. ஒரு தட்டு என்றால் அப்பா. அது வீட்டுப் பழக்கம். லோத்குண்டா வீட்டு அழைப்பு மணி மனைவி பட்டுவுக்குத் தலைவலியைக் கிளப்பும் என்று, ஆபீஸ் விட்டு வந்ததும் கதவுக்கு வெளியே நின்று ஒரே ஒருதரம் கைதட்டுவார். மூன்று வயதிலிருந்து தேஜஸ்வினி அந்தச் சத்தத்துக்கு மட்டும் யாரென்று கேட்காமல் ஓடிவந்து திறப்பாள்.

பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறத் தொடங்கினார்.

தேக்கிலைகள் காலடியில் அப்பளம்போல் நொறுங்கின. சீத்தாப்புதர்களுக்கு மேலே, யானை முதுகுபோல் புடைத்த பாறைகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் படிகளின் இடுக்கிலிருந்து ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை வந்துகொண்டே இருந்தது. இதுவரை எங்கோ கத்திக்கொண்டிருந்த செம்போத்து எப்போது நிறுத்தியது என்று அவர் கவனிக்கவில்லை.

10.50. டப், டப்... டப்.

போன முறையைவிடச் சத்தமாகக் கேட்டது.

தூரம் கூடினால் ஒலி குறைய வேண்டும். கல் கடத்துகிறது, வளைவு குவிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதிலுக்குத் தட்டினார். 'சரி' என்று எழுதினார்.

11.00. இந்த முறை உள்ளங்கைகளின் ஈரம்கூடக் கேட்டது. சேர்ந்த கைகள் ஒட்டிக்கொண்டு, மெல்லப் பிரிந்தன. பத்ரி தட்டினார். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

கடைசி நாற்பது படிகளை மூச்சு வாங்க ஏறினார். மண்டபத்தின் நிழலுக்குள் கால் வைத்ததும் கேட்டது. டப், டப்... டப். அவர் அப்போதுதான் தாண்டி வந்த திருப்பத்திலிருந்து.

எட்டிப் பார்த்தார்.

படிகள் காலியாக இருந்தன. ஒரு தேக்கிலை மட்டும் மிதிபட்டு நொறுங்கியது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சிக்னல் வந்துவிட்டது. மகளின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

10.35: 'கால் ரொம்ப வலிக்குது. கார்ல வந்து உக்காந்துட்டேன். நூர் அங்கிள் கொண்டு வந்து விட்டார்.'

10.41: 'இப்ப கைதட்டினது நீங்களா? அதுக்குள்ள இறங்கிட்டீங்களா?'

10.51: 'பார்க்கிங் பின்னாடி கேக்குது. எங்க இருக்கீங்க?'

11.01: 'கார் பக்கத்துல கேக்குது. ஆளைக் காணோம். விளையாடாதீங்கப்பா.'

10.35. அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடத் தட்டவில்லை.

அழைத்தார். உடனே எடுத்தாள்.

"அப்பா, வெளியில நின்னுண்டு எதுக்கு போன் பண்றேள்?" பயந்தால்தான் அவளுக்கு அம்மாவின் தமிழ் வரும்.

"தேஜு, நான் உச்சியில இருக்கேன். கதவைப் பூட்டியிருக்கியா?"

"ஹவ், பூட்டியிருக்கேன்."

"திறக்காதே. யார் வந்தாலும் திறக்காதே. நூர் எங்கே?"

"கேட்டுக்குப் போய்ட்டார். அப்பா... அது ஒரு தட்டுதான் தட்டறது. நம்மாத்துல நீங்க தட்டற மாதிரியே."

"திறக்காதேம்மா."

"உங்க குரல் விட்டு விட்டு வருது. நிஜமா நீங்கதானா? தட்டுங்கோ. போன்ல தட்டிக் காட்டுங்கோ, நான் நம்பறேன்."

ஸ்பீக்கரைப் போட்டு போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். இரண்டு கையையும் விரித்து, பலம்கொண்ட மட்டும் ஒரு தட்டுத் தட்டினார்.

மண்டபம் அந்தச் சத்தத்தை விழுங்கியது. காலுக்கடியில் கல் அதிர்ந்தது. அந்த அதிர்வு படிப்படியாக மலையிறங்கிப் போவதை உள்ளங்காலில் உணர்ந்தார்.

"கேட்டுதா தேஜு?"

திரை இருண்டு கிடந்தது. அழைப்பு எப்போதோ அறுந்திருந்தது.

கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். மரங்களுக்கு அப்பால், பார்க்கிங்கில் அவர்களுடைய வெள்ளைக் கார். சுற்றிலும் வெயில். ஆள் இல்லை. நிழல் இல்லை.

கார்க் கதவு திறந்தது.

"தேஜு!" என்று கத்தினார். குரல் பாதி மலைகூட இறங்கவில்லை.

மகளின் மஞ்சள் சட்டை வெளியே வந்தது. நொண்டவில்லை. நாலடி நடந்து, நின்று, முகத்தைத் தூக்கி நேரே உச்சியைப் பார்த்தது. கைகளை உயர்த்தியது.

அங்கே கைகள் சேர்ந்தன. சத்தம் அவர் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

டப்.

டப்.

கீழே மஞ்சள் சட்டை, விரித்த கைகளைச் சேர்க்காமல், அவரையே பார்த்தபடி நின்றது. இங்கே, அவருடைய இரண்டு காதுகளுக்குப் பக்கத்திலும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, ஈரச் சுண்ணாம்பின் குளிர் விரிந்து காத்திருந்தது.