சீல் வைத்த பித்தளை டோக்கன்

"அவுக திருடலைய்யா," என்றாள் அய்யம்மாள், துப்பறிவாளர் வைகுண்டராஜின் வாசலில் நின்றபடியே. "நாளைக்கு டேசனுக்குக் கூட்டிட்டுப் போகப்போறாகளாம். கடைத்தெருவுல சட்டையைக் கழட்டச் சொல்லிச் சோதிச்சாக. பாத்துக்கிட்டு நின்னேன்."

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஆதித்தனுக்குப் பழைய டோக்கன்கள் சேர்ப்பதில் பைத்தியம். மலைமேல் தோட்டத்துரைகள் தங்கள் கிளப்பில் காசுக்குப் பதில் வைத்துச் சூதாடிய பித்தளை டோக்கன் ஒன்றுதான் அவருடைய பெருமை. தரம் பார்த்துப் பிளாஸ்டிக் டப்பாவில் சீல் வைத்துத் தரும் சென்னை நிபுணர் ஒருவருக்கு அதைக் கொடுத்தனுப்பினார். கொண்டுபோனவர் கடையில் தராசு பிடிக்கும் பிச்சைமணி, அய்யம்மாளின் கணவர். 'மூன்றாம் தரம்' என்ற சீட்டோடு அது திரும்பி வந்தது.

வைகுண்டராஜ் செருப்பை மாட்டினார். ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஜேசுராஜ், கூப்பிடாமலே பூதக்கண்ணாடியுடன் கிளம்பிவிட்டார்.

"நான் குடுத்தது கருத்துப்போன அசல்," என்றார் ஆதித்தன், கடையில் உட்கார்ந்தபடி. "வந்திருக்கிறது பளபளன்னு போலி. சீல் உடையல. அப்ப போற வழியிலதான மாத்திருக்கான்?"

"எப்பக் குடுத்தீக?" என்றார் வைகுண்டராஜ்.

"ஆயுத பூஜைக்கு மறுநாள். பூஜைக்குக் குச்சனூர் போயிருந்தான். வந்ததும் குடுத்துவிட்டேன்."

வைகுண்டராஜ் தராசைப் பார்த்தார். பித்தளைத் தட்டு புளி போட்டுத் தேய்த்ததில் மின்னியது. பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை.

"இதெல்லாம் யாரு தேச்சது?"

"நாந்தான். தொழில் சாமானுக்கு மொதலாளி கைதான் படணும். எங்க வழக்கம்."

டப்பாவைக் கண்ணாடியால் பார்த்த ஜேசுராஜ் நிமிர்ந்தார். "அண்ணே, எழுத்து இடுக்குல சிவப்பா என்னமோ இருக்கு."

"குங்குமம்," என்றார் வைகுண்டராஜ். "சீல் வைக்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. வழியில மாத்துன போலின்னா, அதுக்கு யாரு பூஜை போட்டது?"

ஆதித்தன் தலை குனிந்தார். "துலங்கட்டும்னு நாந்தான் தேச்சேன். தேச்சாத் தரம் போயிரும்னு சீட்டைப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சது. கூட டோக்கன் சேக்குறவுக சிரிப்பாகளேன்னு வெக்கம். அவன் மேல போட்டுட்டேன்."

சொன்னவரைவிடக் கேட்டவர்களுக்குத்தான் அதிகம் கூசியது.

"இதுக்கெல்லாம் சீல் வைக்கிறது சரிதானாண்ணே?" என்றார் ஜேசுராஜ், பேச்சை மாற்ற.

"கை மாறணும்னே செஞ்ச சாமான். தொட முடியாம அடைச்சா அதுல என்ன இருக்கு? ஆனா சீல் இல்லாம நாலு பேர் கை பட்டிருந்தா குங்குமம் அழிஞ்சிருக்கும். பிச்சைமணி உள்ள போயிருப்பாரு."

சட்டையைக் கழற்றச் சொன்ன அதே இடத்தில், கடைத்தெரு பார்க்க, ஆதித்தன் உண்மையைச் சொன்னார். பிறகு அங்கே நின்ற பிச்சைமணியிடம் டப்பாவை நீட்டினார். "இதை நீயே வச்சுக்க பிச்சை."

பிச்சைமணி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாங்க மொதலாளி. உங்க சாமானை இனி நான் தொடமாட்டேன்."

அய்யம்மாளோடு அவர் நடந்தார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று ஆதித்தனுக்குத் தெரியவில்லை.