பிரிக்காத அட்டை

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான், பொங்குவதற்குள் அணைத்தான். குளியலறைக் கண்ணாடி முன் நின்று முகத்தில் நுரை பூசி, வலக் கன்னத்திலிருந்து மழிக்க ஆரம்பித்தான். மனைவி இறந்துபோன இந்த நான்கு மாதத்தில் சோறு தவறியிருக்கிறது, தூக்கம் தவறியிருக்கிறது. சவரம் தவறியதில்லை.

தாடைக்குக் கீழே சிவந்து ஒரு கொப்புளம், அதன் நடுவில் ஒரு முடி. கத்தி இரண்டு முறை மேலே போயும் அது அறுபடவில்லை. வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். வலிக்கவில்லை. ஒரு விரல் நீளம் வந்தது, ஒரு சாண் வந்தது, ஈரமாக, மெல்லிசாக, அலையலையாக. அவனுடையது கம்பி மாதிரி முடி.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மயிர்க்கால்களில் சீழ் வைத்திருக்கிறது என்றார். முடியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் தாடி வளர்த்தால் உலகம் இருண்டுவிடாது என்று கிண்டல் செய்தபடியே மாத்திரை எழுதினார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஏழு நாள். சீட்டை நீட்டும்போது சிரிப்பு இல்லை.

"பாதியில விட்டா ரத்தத்துல ஏறிடும் தம்பி. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மனைவிக்கும் இதே மாத்திரைதான். அவளுக்குப் பின்கழுத்தில் வந்தது. அதே வாரம் அவனுக்கும் தாடையெல்லாம் கொப்புளம். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. அவளுடையது கூந்தலுக்குள் மறைந்திருந்தது, அவனுடையது முகத்தில் இருந்தது. அவ்வளவுதான் யோசித்தான். வேளாவேளைக்கு மாத்திரையை அவள் கையில் வைப்பவன் அவன்தான். பார்க்க அதைப் போலவே சிவப்பு மஞ்சளில் இருந்த ஒரு சத்து மாத்திரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவளுடையதைத் தான் விழுங்கினான். பேசாமல் நர்ஸ் வேலைக்கே போயிருக்கலாம் என்று அவள் கேலி செய்தாள். வாயைத் திறந்து நாக்கைக்கூடக் காட்டினாள். அவனுக்கு வேலை கிடைத்தது. எட்டாம் நாள் அவளுக்குக் குளிர் ஜுரம் கண்டது.

இப்போது அவன் ஒரு வேளைகூடத் தவறவில்லை. இருந்தும் இரண்டாம் நாள் மூன்று கொப்புளம், மூன்றாம் நாள் எண்ண முடியவில்லை. வீட்டில் தலைக்குக் குளித்தவுடன் வரும் ஈரக் கூந்தல் வாசனை எழுந்தது. சன்னலைத் திறந்து வைத்தாலும் திரைச்சீலையில், தலையணையில், அவன் சட்டைக் கழுத்தில் தங்கியது. குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், படுக்கையறைப் பக்கமிருந்து, ஈர முடியில் யாரோ பொறுமையாகச் சிக்கெடுக்கும் சத்தம். குழாயை மூடினால் அதுவும் நின்றது.

நான்காம் நாள் காலை, குளியலறைக் கண்ணாடி முன், முதல் அட்டையின் கடைசி மாத்திரை தொண்டையில் ஒட்டி உடைந்தது. அந்த மருந்தின் கசப்பு அவனுக்குத் தெரியும். இது கசக்கவில்லை. ஆரஞ்சு மிட்டாய்ப் புளிப்பு.

சத்து மாத்திரை.

இரண்டாவது அட்டையை எடுத்தான். பிரிக்காத அட்டை. பெயர் சரி. தேதி சரி. தகட்டைக் கிழித்து ஒன்றைப் பிதுக்கினான், உடைத்தான், நாக்கில் வைத்தான். ஆரஞ்சு. இன்னொன்று. ஆரஞ்சு. ஏழும்.

பற்கள் தந்தியடித்தன. குளிர் முதுகுத்தண்டில் ஏறியது. டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும். போன் சமையலறையில். திரும்பினான்.

கழுத்து திரும்பவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். தாடையின் ஒவ்வொரு கொப்புளத்திலிருந்தும் ஒரு முடி. நீளமாக. விறைப்பாக. எல்லாம் ஒரே பக்கம் போயின. கதவிடுக்கு வழியாக. படுக்கையறைக்கு.

குழாய் மூடியிருந்தது. சிக்கெடுக்கும் சத்தம் நிற்கவில்லை.

சீப்பு இறங்கியது. அவன் தாடை இழுபட்டது.

இறங்கியது. இழுபட்டது. ஒரு அடி கதவுப் பக்கம் நகர்ந்தான்.

அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று மைத்துனி கேட்டபோது, தைரியமா இருங்க என்றாள் என்று சொல்லியிருந்தான். எல்லோரும் அழுதார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, வழவழவென்றிருந்த அவன் தாடையை ஒரு விரலால் மெல்லத் தடவினாள்.

"உங்களுக்கு நல்லா ஆறிடுச்சே. என்ன மாத்திரை போட்டீங்க?"